சான் டியாகோவா, அட்லாண்டாவா: கைத்தடிக்காரியின் கணக்கு

காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் கூடும் மாநாடுகளுக்குப் போகிறவள் நான்; ஆண்டுக்கு ஒரு பெரிய மாநாட்டுக்கு மேல் என் முட்டிகள் சம்மதிப்பதில்லை. ருமட்டாய்டு வாதம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. நல்ல நாளில் கைத்தடி, கெட்ட நாளில் வாடகை ஸ்கூட்டர். பனிக்காலம் வந்தாலே எங்கள் வீட்டில் அதே பேச்சுதான்: ஜூலையில் சான் டியாகோ காமிக் கானா, செப்டம்பர் தொடக்கத்தில் அட்லாண்டா டிராகன் கானா? இரண்டுக்கும் தடியோடும் போயிருக்கிறேன், ஸ்கூட்டரோடும் போயிருக்கிறேன்.

இந்த மாதிரி உடம்போடு போக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எங்கே வசதி அதிகம் என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது நான் விசாரிப்பது ஒன்றே ஒன்று: உடம்பு "போதும்" என்று சொன்ன பிறகு கட்டிலுக்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகும்? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் இரண்டு ஊர்களும் தலைகீழாகத் தெரிகின்றன.

முதலில் சான் டியாகோ. 1970-ல் தொடங்கிய மாநாடு. 1991 முதல் துறைமுகத்தை ஒட்டிய மாநாட்டு மையத்தில் நடக்கிறது. 1,30,000 பேருக்கு மேல் வருகிறார்கள். கட்டடம் ஏறக்குறைய அரை மைல் நீளம், ரயில் பெட்டிகளைக் கோத்துவிட்டது போல. ஒரு முனையில் ஹால் ஏ, மறுமுனையில் ஹால் எச். கால் நன்றாக இருப்பவருக்குப் பத்து நிமிட நடை. சனிக்கிழமைக் கூட்டத்தில், தடியோடு, நான்கு இடத்தில் நின்று நின்று போனால் எனக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில் அன்றைக்கு எனக்கு அளந்து வைத்த தெம்பில் பாதி காலி.

ஆனால் அதே தூரம் ஸ்கூட்டரில் போனால் கதையே வேறு. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, சமதளம். மேல்தளத்து அறைகளுக்கு லிஃப்ட். நகர ட்ராம் மையத்தின் எதிரிலேயே நிற்கிறது. தாழ்தளப் பெட்டிகள் என்பதால் வீல்சேர் அப்படியே ஏறிவிடும். விமான நிலையம் ஐந்து கிலோமீட்டர்தான். வெயிலும் தொந்தரவு செய்வதில்லை. ஜூலையிலும் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும், கடல் காற்று வேறு. சக்கரத்தில் வருபவருக்கு அமெரிக்காவில் இதைவிட இதமான பெரிய மாநாடு எனக்குத் தெரிந்து இல்லை.

உதவி மேஜையும் நல்ல அனுபவம் உள்ளது. காது கேளாதோர், மாற்றுத்திறனாளிகள் சேவைக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அங்கே போனால் பேட்ஜில், அதாவது கழுத்தில் மாட்டும் நுழைவுச் சீட்டில், ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். உதவிக்கு ஆள் வேண்டியவருக்கு உதவியாளர் ஒருவருக்குப் பேட்ஜ் இலவசம். முக்கிய நிகழ்ச்சிகளுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர்களும் உண்டு.

சரி, ஹால் எச் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மாநாட்டின் மிகப் பெரிய அரங்கு, ஏறத்தாழ 6,500 இருக்கைகள். பெரிய சினிமா ஸ்டுடியோக்கள் வரும் நாளில் முந்தைய இரவே வரிசை கட்டிவிடுவார்கள். ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறக்கக் காத்திருக்கும் கூட்டம்தான் எனக்கு நினைவுக்கு வரும். நம்மைப் போன்றவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறது. அதை விஐபி தரிசனம் என்று நினைத்துப் போகாதீர்கள். அந்த வரிசைக்கும் கூட்டம் உண்டு, அதிலும் இடம் உறுதி இல்லை. நிற்காமல் உட்கார்ந்து காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

உள்ளே போய்விட்டால் ஒரு சௌகரியம்: ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். காலையில் பிடித்த இடத்திலேயே மாலை வரை இருக்கலாம். நடக்க முடியாதவருக்கு இது வரம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. என் வியாதி நடந்தாலும் வலிக்கும், நடக்காமல் இருந்தாலும் இறுகும். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் இடுப்பும் முட்டியும் துருப்பிடித்த கேட் மாதிரி. முதுகெலும்புக் காயமோ மூச்சுத் திணறலோ இருப்பவருக்கு அந்த நாற்காலி நல்லது, மூட்டுவாதக்காரருக்குப் பொறி. ஆகவே ஒருவருடைய "வசதியாக இருந்தது" என்ற சான்றிதழை நம்பும் முன் அவருக்கு என்ன வியாதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கட்டில் கணக்கு. சான் டியாகோவில் பேட்ஜ் கிடைப்பதே குலுக்கல் மாதிரிதான். இணையக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து அதிர்ஷ்டத்தைப் பார்க்க வேண்டும். பிறகு ஹோட்டலுக்கு இன்னொரு முறை அதே அதிர்ஷ்டம் வேண்டும். மையத்தை ஒட்டிய அறை கிடைத்தவர் புண்ணியவான். எனக்கு இரண்டு முறையும் கிடைத்தது பேருந்தில் போகிற தூரத்து அறை. மாநாட்டுப் பேருந்து இலவசம். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு வலி வந்தால், மண்டபத்திலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து நிறுத்தத்துக்கு, நிறுத்தத்தில் காத்திருப்பு, பிறகு பயணம். படுக்கையில் விழும்போது மூன்றரை. திரும்பி வரத் தெம்பு இருக்காது. இருந்தாலும் கண்காட்சித் தளம் ஏழு மணிக்கு மூடிவிடும். ஆகவே மதியம் கிளம்பினால் அன்றைய நாள் முடிந்தது என்று அர்த்தம். இது தெரிவதால் வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டு அங்கேயே சுற்றுவேன். அதற்கான வட்டியை மறுநாள் காலை கட்டுவேன்.

இப்போது அட்லாண்டா. டிராகன் கான் 1987-ல் தொடங்கியது. செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தின விடுமுறை. அதை ஒட்டிய வார இறுதியில் நடக்கும். கூட்டம் 70,000-க்கு மேல். இந்த மாநாட்டுக்கு ஒரே மையக் கட்டடம் என்று எதுவும் இல்லை. நகர மையத்தில் ஹயாத், மாரியட், ஹில்டன், வெஸ்டின் உட்பட ஐந்து பெரிய ஹோட்டல்களும், கடைகளுக்கு அமெரிக்காஸ்மார்ட் கட்டடமும்தான் மாநாடு. ஹயாத், மாரியட், ஹில்டன் மூன்றையும் தெருவுக்கு மேலே போகும் மூடிய பாலங்கள் இணைக்கின்றன. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் தெருவில் இறங்கி நடக்க வேண்டும். தெருக்கள் ஏற்றமும் இறக்கமும். வெயில் 30 டிகிரியைத் தொடும், கூடவே சென்னைப் புழுக்கம்.

வரைபடத்தைப் பார்த்தால் ஊனமுற்றவர் போகவே கூடாத இடம் மாதிரி இருக்கும். அதிலும் லிஃப்ட்! இந்தக் கட்டடங்களில் ஹயாத்தையும் மாரியட்டையும் வெஸ்டினையும் வடிவமைத்தவர் ஜான் போர்ட்மன் என்ற ஒரே ஆள். 1967-ல் ஹயாத்தின் 22 மாடி உள்முற்றத்தில் கண்ணாடி லிஃப்டுகளை ஏறி இறங்க விட்டு, லிஃப்டையே வேடிக்கைப் பொருளாக்கினார். 1985-ல் மாரியட்டில் அதையே இன்னும் பிரமாண்டமாகச் செய்தார். நிமிர்ந்து பார்த்தால் திமிங்கிலத்தின் விலா எலும்புக்குள் நிற்பது போல் இருக்கும். அழகுதான். ஆனால் மாநாட்டு நாளில் அந்தக் கட்டடங்களின் அத்தனை மாடிகளிலும் ரசிகர்கள். எல்லோருக்கும் அதே லிஃப்டுகள். கதாபாத்திர வேஷம் கட்டிய ஒவ்வொருவர் முதுகிலும் ஆறடி இறக்கை.

ஸ்கூட்டரோடு போன வருடம் ஒரு ஹோட்டலில் லிஃப்டுக்காக முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். கதவு திறக்கும், உள்ளே ஆள் நிறைந்திருக்கும், எல்லோரும் வருத்தமாகச் சிரிப்பார்கள், கதவு மூடும். ஆறேழு முறை. நின்றுகொண்டு வருபவர் இரண்டு பேருக்கு நடுவே செருகிக்கொள்ளலாம். ஸ்கூட்டரைச் செருக முடியாது. என் கணவர் படிக்கட்டில் இறங்கிப்போய்க் காபி வாங்கி, ஏறியும் வந்துவிட்டார். "நீ இன்னும் இங்கதான் இருக்கியா?" என்றார். "இல்லீங்க, போயிட்டு வந்துட்டேன்" என்றேன்.

மறு வருடம் தடியோடு போனேன். அதே ஹோட்டல்கள், அதே கூட்டம், வேறு மாநாடு. எஸ்கலேட்டர் எனக்கும் உண்டு. லிஃப்டில் ஒரு ஆள் இடம் இருந்தால் போதும். மாநாட்டு ஹோட்டலிலேயே அறை கிடைத்திருந்ததால், எங்கே இருந்தாலும் பாலத்தைத் தாண்டினால் கட்டில். பதினைந்து நிமிடம், லிஃப்ட் சண்டித்தனம் செய்தால் இருபத்தைந்து. நாளுக்கு இரண்டு முறை போய்ப் படுத்தேன். முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு படுத்தபடி அறைத் தொலைக்காட்சியைப் போட்டால், பெரிய அரங்கில் நடக்கும் நிகழ்ச்சி ஓடுகிறது. மாநாட்டு ஹோட்டல்களின் அறைகளுக்கென்றே அவர்கள் தனி ஒளிபரப்பு நடத்துகிறார்கள். நைட்டியோடு, தலையணை முதுகில், கையில் முறுக்கு. ஹால் எச்சில் எந்த வரிசையில் நின்றாலும் இந்த இருக்கை கிடைக்காது.

இரவும் அங்கே நீளமானது. நள்ளிரவு தாண்டியும் நிகழ்ச்சிகள் நடக்கும். முற்றங்களில் காஸ்ப்ளே, அதாவது கதாபாத்திர வேஷம் கட்டியவர்கள், ஊர்வலம் மாதிரி போய்க்கொண்டே இருப்பார்கள். மதியம் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு இரவு ஒன்பதுக்கு இறங்கினாலும் நான் எதையும் இழக்கவில்லை. இங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைப் பிரிவும் பேட்ஜ் ஸ்டிக்கரும் உண்டு. நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். ஒருவர் ஓடி ஓடி உதவுவார், இன்னொருவருக்கு ஸ்டிக்கர் எதற்கு என்று நாமே சொல்லித்தர வேண்டியிருக்கும். இந்த விஷயத்தில் சான் டியாகோ ஒரு படி மேல், சந்தேகமில்லை.

அட்லாண்டா விமான நிலையத்திலிருந்து நகர ரயிலான மார்ட்டா நேராக வரும். ஆனால் இறங்கும் பீச்ட்ரீ சென்டர் நிலையம் தரைக்கு 120 அடி கீழே. எஸ்கலேட்டர் முடிவே இல்லாமல் ஏறும். சமநிலை தடுமாறுபவர்கள் லிஃப்டைத் தேடிப்போவது உத்தமம்.

நியூயார்க் காமிக் கானை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். அக்டோபரில், ஜாவிட்ஸ் மையத்தில் நடப்பது. 2015-ல் திறந்த பக்கத்துச் சுரங்க ரயில் நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது. நீங்கள் ஏறும் நிலையத்தில் இருக்கிறதா என்பதுதான் சிக்கல். அந்த ஊர் நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அந்த வசதி. நான் ஒரு நாள் போய்விட்டு வந்ததோடு சரி.

தடியா ஸ்கூட்டரா என்பதற்கு ஊர் மட்டும் காரணமல்ல. ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் நம் முகம் மற்றவர்களின் முதுகுப்பை உயரத்துக்கு இறங்கிவிடும். யாராவது சட்டென்று திரும்பினால் மூக்கில் பை. காஸ்ப்ளே வாள்கள் வேறு. தடியில் அந்த ஆபத்து குறைவு; ஆனால் நாற்பது வயதுப் பெண் தடி வைத்திருந்தால் அதையும் காஸ்ப்ளே என்று நினைக்கிறார்கள். "எந்தக் கதாபாத்திரம்?" என்று ஒரு பையன் மரியாதையாகவே கேட்டான். இரண்டுக்கும் நடுவே, உட்கார பலகை வைத்த நான்கு சக்கர வாக்கர் இருக்கிறது. வரிசை நின்றால் அதிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். பார்க்கக் கிழவி மாதிரி இருக்கும் என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். வீம்புக்குக் கொடுத்த விலை அது.

ஸ்கூட்டர்தான் என்றால் சான் டியாகோவுக்கு மாதக்கணக்கில் முன்னால் வாடகைக்குச் சொல்லிவையுங்கள். ஜூலையில் எல்லோரும் அதையே தேடுவார்கள். சொந்த வண்டியை விமானத்தில் கொண்டுபோனால் தனிக் கட்டணம் கிடையாது. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி என்றால் 300 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். அந்த எண் பேட்டரி மேலேயே அச்சிட்டிருக்கும். கவுன்ட்டரில் நின்று தேடாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

ஆக, முழு நேரமும் சக்கரத்தில் இருப்பவர் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் சான் டியாகோ என்பேன். மெதுவாக நடக்க முடியும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகிற உடம்பு என்றால் அட்லாண்டா. ஒரே நிபந்தனை, மாநாட்டு ஹோட்டலில் அறை வேண்டும். அவை கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்பே, திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். அறை கிடைக்காவிட்டால் அட்லாண்டாவின் மேடும் வெயிலும்தான் மிச்சம். அதற்கு சான் டியாகோவின் தூரத்து அறையே மேல்.

இந்த முறை எங்களுக்கு அட்லாண்டா அமைந்துவிட்டது. ஹோட்டலுக்குப் போன் செய்தபோது மேல்மாடி அறை இருக்கிறது, நகரமே தெரியும், கூடுதல் பணம் வேண்டாம் என்றார் அந்தப் பெண். நல்ல மனசு. உங்களிடம் இருப்பதிலேயே கீழான மாடி எது என்று கேட்டேன். ஜன்னலைத் திறந்தால் பார்க்கிங் சுவர்தான் தெரியும் என்று தயங்கினார். அதுவே போதும் என்று பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லிவிட்டேன்.