கியூஆர் வேணாம், வாயால சொல்லுங்க: சுங்கை சிப்புட் ஒட்டுக்கடை பசியாறல்

மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பழைய ட்ரங்க் ரோட்டு ஒட்டுக்கடைக்குக் காலையில பசியாற போறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், மேசையில ஒட்டியிருக்கிற கியூஆர் கோட ஸ்கேன் பண்ணிடாதீங்க. தே தாரேக் (ஆத்துன பால் டீ), கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி), மைலோன்னு பேரு மட்டும்தான் அதுல இருக்கு, நமக்கு எப்படி வேணும்னு சொல்ல எடமே இல்ல, தட்டுனா பாகு மாதிரி ஒரு தே வந்து நிக்கும்.

நேரா தண்ணி (தே, கோப்பி) கலக்குற அண்ணன்கிட்ட போங்க. "அண்ணே, தே தாரேக் காவ், கூராங் மானிஸ்"னா (கெட்டியா, இனிப்பு கம்மியா) போதும், சாயத்த நல்லா கெட்டியா எறக்கி, டின் பால கொஞ்சமா விட்டு, கை எட்டுற ஒசரத்துலேர்ந்து ஆத்தி நுரையோட வைப்பாரு, கடைசி மடக்கு வரைக்கும் தேயில கசப்பு நாக்குல நிக்குது. இனிப்புநீர் (சக்கர வியாதி) உள்ள பெருசுங்க எல்லாம் "கோப்பி ஓ கோசோங்", பாலும் கெடையாது சீனியும் கெடையாது. கோப்பியா தேயான்னு முடிவு பண்ண முடியாதவனுக்கு "சாம்", ரெண்டும் ஒரே கிளாஸ்ல. பசங்க "தாக் கியூ"ன்னு கத்துவானுங்க, மைலோ டின்னுல பந்து உதைக்கிற படத்த வெச்சு சீனக் கடையில வந்த பேரு, இப்ப நம்ம வாயிலயும் ஒட்டிக்கிச்சு. நாசி லெமாக் (தேங்காப்பால் சோறு), ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), தே தாரேக்னு நம்ம நாட்டுப் பசியாறல் பழக்கத்த 2024ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்கல்ல, என்னைக் கேட்டா இந்த ஆர்டர் சத்தத்தையும் சேத்தே போட்டிருக்கணும்.

ரொட்டி அருமை. காரிங்னு சொன்னா கல்லுலேர்ந்து எடுத்த சூட்டோட ரெண்டு கையாலயும் தட்டி உதிர்த்து, ஓரமெல்லாம் மொறுமொறுன்னு தருவாங்க. அத வாங்கிட்டு உடனே "குவா பஞ்சிர்"னு பருப்புக் கறிய வெள்ளமா ஊத்தச் சொல்றவங்க இருக்காங்க பாருங்க, அப்புறம் எதுக்குய்யா காரிங்?

ஞாயித்துக்கெழம போனா காக்கி போலா (பந்து பைத்தியங்க) ஒரு மேசை, காக்கி பஞ்சிங் (தூண்டில் போடுறவங்க) ஒரு மேசை, டுரியான் சீசன்ல ஹந்து டுரியான் (டுரியான் பழப் பைத்தியங்க) எல்லாம் தனி கூட்டம், மின்னல் எஃப்எம் தமிழ் ரேடியோ பாட்ட லாயான் பண்ணி, ரசிச்சுக்கிட்டே எழுந்திரிக்க மாட்டாங்க, எடம் கெடைக்கிறது கஷ்டம்.

தோசை சுமார்தான், சட்னியும் சீக்கிரம் முடிஞ்சிடும். வடையில எண்ணெய் சொட்டுது. காடிய (காரை) எடுத்துட்டுப் போகாதீங்க, மோட்டார்ல (பைக்ல) போங்க, தாப்பாவ் (பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போறது) பண்றதா இருந்தா கறிய தனியா கட்டச் சொல்லிடுங்க.