ஊசியா, பேச்சா?

கிருஷ்ணகிரியில் வருஷக்கணக்கா புளி தட்டியே அத்தைக்கு இடுப்பு போனது, அப்புறம் மனசும் சோர்ந்தது. மெல்லிய ஊசிகளை உடம்பில் குத்தும் அக்குபஞ்சரா, மனநல ஆலோசனையா என்று கேட்டார்.

2013இல் இங்கிலாந்திலிருந்து வெளியான ஆய்வில், மனச்சோர்வுள்ள 755 பேர். வழக்கமான சிகிச்சையோடு இந்த இரண்டில் ஒன்றைச் சேர்த்தவர்கள், மூன்று மாதத்தில் மற்றவர்களைவிடத் தேறினார்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசமில்லை. ஆனால் உடம்பு வலியும் சேர்ந்திருந்தவர்களுக்கு ஊசியில்தான் கூடுதல் பலன் தெரிந்தது. குத்துவதுபோல் பாவனை மட்டும் செய்யும் போலி ஊசியோடு ஒப்பிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆலோசனைக்கு அரசின் மனநல உதவி எண் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம். ஊசிக்குக் காசும் பஸ் பயணமும் ஆகும்.

அத்தைக்கு ஊசியைத்தான் சொன்னேன். புளிக்கறை ஏறிய விரல்களைப் பிசைந்துகொண்டு, “வலின்னா சொல்லிடுவேன், மனசை எப்படிடா சொல்றது?” என்றார். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க அத்தை என்றேன்.