ஒகவாங்கோ சஃபாரி: பிளேன்ல போறதா, டென்ட்ல போறதா, நாமளே ஓட்டிட்டு போறதா?

போட்ஸ்வானா ஒகவாங்கோ டெல்டாவுக்கு பிளான் போடறவங்க எடுத்த உடனே எந்த லாட்ஜ் நல்லா இருக்கும்னு தேட ஆரம்பிச்சிடறாங்க. அதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு, நீங்க தண்ணிய பாக்க போறீங்களா இல்ல மிருகங்கள பாக்க போறீங்களா? ரெண்டும் ஒரே இடத்துல கிடைச்சிடும்னு நெனச்சு சுத்தி தண்ணியா இருக்கற வாட்டர் கேம்ப்ல மொத்த லீவையும் புக் பண்ணிட்டு, அங்க போய் சிங்கம் எங்கடான்னு கேக்கறவங்க இருக்காங்க.

அந்த வெள்ளம் உள்ளூர் மழையால வர்றது இல்லங்க. அங்கோலா மலைப்பகுதில ஜனவரி பிப்ரவரில பெய்யற மழை, குடகுல பெஞ்சது தஞ்சாவூர் வாய்க்காலுக்கு வந்து சேர்ற கதைதான், ஆனா இங்க தரை கிட்டத்தட்ட சமமா இருக்கு, நடுவுல பாப்பிரஸ் கோரை, அடியில கலஹாரி மணல், அதனால ஊர்ந்து ஊர்ந்து, டெல்டா ஓரத்துல இருக்கற மவூன் ஊர் பக்கம் வர்றதுக்குள்ள ஜூன் ஜூலை ஆயிடுது. கடலுக்கும் போகாது, பெரும்பகுதி ஆவியாவே போயிடும். ஆக மொத்தம், ஒரு சொட்டு மழை இல்லாத மாசத்துலதான் டெல்டா நிரம்பி இருக்கும், அப்ப வாட்டர் கேம்ப்ல ஜீப் ஓட தரையே கம்மி.

இப்ப ஃப்ளை-இன் கேம்ப். மவூன்ல இருந்து குட்டி செஸ்னா பிளேன், மேல இருந்து பாத்தா யானை நடந்த தடம் தண்ணிக்குள்ள கோடு கோடா தெரியும், அது ஒண்ணுக்கே காசு குடுக்கலாம். பேக் மெத்து மெத்துன்னு இருக்கணும், கேமராவையும் சேத்து பெரும்பாலும் 20 கிலோதான், சக்கரம் வெச்ச பெட்டிய ஏத்த மாட்டாங்க. போட்ஸ்வானா அரசாங்கமே கூட்டம் கம்மி, ரேட் ஜாஸ்தின்னுதான் பாலிசி வெச்சிருக்கு, அதனால சீசன்ல நல்ல கேம்ப் ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 1,000 டாலருக்கு கீழ கிடைக்கறது கஷ்டம், சாப்பாடு, சஃபாரி எல்லாம் அதுக்குள்ளயே வந்துடும். அந்த காசுக்கு மெத்தையையும் ஒயினையும் விட முக்கியமா கிடைக்கறது என்னன்னா, தனியார் கன்செஷன்ல, அதாவது கம்பெனிங்க குத்தகைக்கு எடுத்த காட்டுல, ரோட்ட விட்டு எறங்கி ஓட்டலாம், ராத்திரி டிரைவ் போகலாம், ஒரு சிறுத்தைய சுத்தி ரெண்டு மூணு வண்டிக்கு மேல நிக்காது. டெல்டாவுக்குள்ளயே இருக்கற அரசாங்க சரணாலயம் மொரேமி ரிசர்வ்ல இது எதுவும் கிடையாது, ரோட்டுலதான் ஓட்டணும், இருட்டறதுக்குள்ள கேம்ப்புக்கு திரும்பிடணும்.

செல்ஃப் டிரைவ்னா கூரை மேல டென்ட் வெச்ச டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிய வாடகைக்கு எடுத்துட்டு மொரேமி, அதுக்குள்ள இருக்கற தேர்ட் பிரிட்ஜ் கேம்ப்சைட், பக்கத்துல குவாய்னு சுத்தறது. செலவு நல்லா கொறையும், ஆனா மணல்ல டயர் காத்த எறக்கி ஓட்ட தெரியணும், வெள்ளம் ஏறினா நேத்து இருந்த ரோடு இன்னிக்கு இருக்காது. கேம்ப்சைட்டுக்கு வேலி கிடையாது. ஆரஞ்சு மாதிரி பழங்கள வண்டில வெக்காதீங்க, யானை மோப்பம் புடிச்சு வந்துடும். முதல் தடவை ஆப்பிரிக்கா போறவங்களுக்கு இத நான் சொல்ல மாட்டேன்.

என்னோட ஓட்டு மொபைல் கேம்பிங்குக்குதான். கைடு, சமையல்காரர், டென்ட் எல்லாத்தையும் அவங்களே கொண்டு வந்து, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை இடம் மாத்திக்கிட்டே போவாங்க, மொத்த நாளும் ஒரே கைடு கூட இருக்கறதால நேத்து பாத்த காலடிய இன்னிக்கு தொடர்ந்து தேட முடியுது. குவாய் ஆத்தங்கரைல காட்டு நாய், சிறுத்தை, யானைக்கூட்டம் எல்லாத்துக்கும் வாய்ப்பு ஜாஸ்தி. என்ன ஒண்ணு, அங்க வண்டிக்கூட்டமும் ஜாஸ்தி, ஒரு சிறுத்தை மரத்துல இருந்தா கீழ பத்து ஜீப் நிக்கும்.

தண்ணிக்கு தனியா மவூன்ல இருந்தே ஒரு நாள் மொகோரோ போயிட்டு வந்துடலாம். ஒல்லியான படகு, முன்னெல்லாம் மரத்த கொடஞ்சு பண்ணாங்க, இப்ப ஃபைபர்தான் ஜாஸ்தி. படகோட்டி பின்னாடி நின்னுக்கிட்டு நீளமான கழியால தரைய ஊனி தள்ளுவார், நம்ம கண்ணு அல்லிப்பூ மட்டத்துக்கு வந்துடும், கோரைத்தண்டுல நகம் சைஸுக்கு ஒரு கலர் தவளை ஒட்டிக்கிட்டு இருக்கும், நீங்க தாண்டி போயிட்ட அப்புறம் அவர்தான் திருப்பி காட்டுவார். நீர்யானை ஆழத்துல கெடக்கும், அதனால அவர் ஓரமாவே ஆழம் கம்மியான பக்கமா ஓட்டுவார், நடுவுல போகலாமான்னு கேக்காதீங்க.

வடக்குல இருக்கற சோபே தேசிய பூங்கா பக்கமும் போலாமான்னா, யானைக்குன்னா தாராளமா. போட்ஸ்வானால மொத்தம் 1,30,000 வாக்குல யானை இருக்கு, அங்க கசானே ஊர்ல இருந்து சாயங்காலம் சோபே ஆத்துல போட்ல போனா செடுடு தீவுக்கு அதுங்க நீந்தி போறத பாக்கலாம். அந்த தீவு யாருதுன்னு நமீபியாவும் போட்ஸ்வானாவும் சர்வதேச கோர்ட் வரைக்கும் போய் 1999ல போட்ஸ்வானாவுக்கு தீர்ப்பாச்சு, யானைக்கு அதெல்லாம் கணக்கே இல்ல. விக்டோரியா ஃபால்ஸும் பக்கம்தான். ஆனா ஆத்துல போட்டுக்கூட்டம் ஜாஸ்தி, டெல்டாவோட அமைதி அங்க வராது.

மாசத்த பொறுத்தவரை ஜூலை ஆகஸ்ட்ல தண்ணி, குளிர் ரெண்டும் உச்சம், விடிகாலை திறந்த ஜீப்ல ஸ்வெட்டர் மட்டும் பத்தாது, ஜாக்கெட்டும் குல்லாவும் வேணும். அக்டோபர்ல 40 டிகிரி தாண்டும், ஆனா மிருகம் நல்லா தெரியும். நவம்பர்ல இருந்து மார்ச் வரை மழை, ரேட் கம்மி, பறவை ஜாஸ்தி, ரோடு மோசம். மலேரியா மாத்திரைக்கு கெளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. சின்ன பசங்கள நிறைய கேம்ப்ல சேத்துக்க மாட்டாங்க, புக் பண்றதுக்கு முன்னாடி வயசு கேட்டுக்கோங்க. வெஜிடேரியன்னா அதையும் அப்பவே சொல்லிடணும், ஏன்னா மவூன தாண்டி டெல்டாக்குள்ள போயிட்டா சமையல்காரர் ஓடிப்போய் பருப்பு வாங்கிட்டு வர கடை கிடையாது.