மூன்று நாள் பைக் ரேஸ் பயிற்சிக்குக் காசு கட்ட முன் இதை வாசியுங்கள்

வன்னியிலேயே பைக் ரேஸ் பழக்குகிறோம், மூன்று நாள், ஆளுக்கு 45,000 ரூபாய் என்று முகநூலில் விளம்பரம் வந்தது. படத்தில் சிவப்பு வெள்ளை விளிம்பு போட்ட வளைவில் ஒருவர் முழங்கால் தரையில் உரசப் பைக்கைச் சரித்துக்கொண்டு போகிறார். நானும் மச்சானும் அந்தப் படத்துக்கே விழுந்துவிட்டோம். அப்படியொரு தடம் வன்னியில் எங்கே இருக்கிறது என்று கேட்க இரண்டு பேருக்குமே புத்தி வரவில்லை. முழுக்காசையும் முதலே வங்கியில் போட்டோம்.

முதல் நாள் கிளிநொச்சியில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம். மத்தியானம் வரை யூடியூப் காணொளி. பின்னேரம் ஒரு வெறுங்காணியில் தண்ணீர்ப் போத்தல்களை வரிசையாக வைத்து வளைந்து வளைந்து ஓடச் சொன்னார்கள். லைசென்ஸ் எடுக்கும்போதே இதைவிடக் கஷ்டமாக ஓடியிருக்கிறோம். வெளிக்கிடும்போது பயிற்றுநர் ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு பதிவுக்குத்தான் தம்பி" என்றார். வாசிக்காமல் கையெழுத்து வைத்தோம். எது நடந்தாலும் பொறுப்பு எங்களுடையது என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு மாங்குளத்தில் நிற்கச் சொன்னார்கள். போகிற வழியில் முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போனோம், பிள்ளையாரைக் குறை சொல்ல முடியாது. "ட்ராக்" என்று அவர்கள் காட்டியது மாங்குளம்–முல்லைத்தீவு வீதி, ஏ34. பஸ் ஓடுகிற வீதி, பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற வீதி. இரவில் மாடுகள் தார்ச் சூட்டுக்கு வந்து படுப்பதும் இப்படியான வீதிகளில்தான், இங்கே ஓடுகிறவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. வாகனங்களை மறிக்க ஆளில்லை, கொடியில்லை, அம்புலன்ஸ் இல்லை. "விடியப்புறம் ஆர் வரப்போயினம்" என்பதுதான் மொத்தப் பாதுகாப்பு ஏற்பாடும்.

ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் டிப்பர் சிந்திவிட்டுப் போன கிரவல் கிடந்தது. பைக் நிமிர்ந்து நிற்கும்போதே, வளைவுக்கு முன்பே, வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சரிந்த பிறகு முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்தால் ரயர் பிடிப்பை விட்டுவிடும். ரேஸ் பழக்குகிறவர் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். எங்கள் ஆள் இரண்டு நாளும் சொன்னது "பயப்படாமல் முறுக்குங்கோ" என்பது மட்டும். கிரவலைக் கண்டதும் மச்சான் பயந்து பிறேக்கை அழுத்தினான். காறை எலும்பு முறிந்துவிட்டது.

1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தது நான். அம்புலன்ஸ் வர முன் பயிற்றுநர் என் பக்கத்தில் குந்தியிருந்து, "ஆஸ்பத்திரியில ரேஸ் எண்டு வாய் திறக்காதேங்கோ தம்பி, மாடு குறுக்கால வந்தது எண்டு சொல்லுங்கோ" என்றார். அன்றைக்கு அந்த வீதியில் ஒரு மாடுகூட இல்லை.

மூன்றாம் நாள் என்று ஒன்று நடக்கவேயில்லை. காசைத் திருப்பிக் கேட்டால் கையெழுத்து வைத்த தாளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், அதன் பிறகு போன் வேலை செய்யவில்லை. மச்சானின் பைக்குக்கு இருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதில் அவனுடைய பைக்குக்கோ எலும்புக்கோ ஒரு சதமும் வராது. பொலிசுக்குப் போகலாம் என்றால், அனுமதியில்லாமல் பொது வீதியில் ரேஸ் ஓடியவர்கள் நாங்களும்தான். அதை நினைத்தே மாமா வேண்டாம் என்று நிற்கிறார்.

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓடிப் பழகிய ஒருவரோடு பிறகு கதைத்தேன். மஞ்சள் கொடி காட்டினால் முந்தக்கூடாது, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், இதைப் படித்த பிறகுதான் பைக்கில் ஏறவே விடுவார்களாம். நாங்கள் என்ன கொடி பார்த்தோம் என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல.

அடுத்த பயிற்சி வவுனியாவில் என்று இந்தக் கிழமை விளம்பரம் போகிறது. பெயர் மாறியிருக்கிறது. படம் அதே படம், அதே சிவப்பு வெள்ளை வளைவு.