மலையக வீதிகளில் ஹிமாலயன் 411: சொந்தமாக வைத்திருந்து எழுதும் மதிப்பீடு

ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 பற்றி வரும் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை அது எப்படி ஏறுகிறது, எவ்வளவு வேகம் போகிறது என்பதைப் பற்றியே பேசுகின்றன. இலங்கையின் மலையகத்தில் இந்த வண்டியை வைத்திருப்பவருக்கு அவை இரண்டும் இரண்டாம் பட்சம். காலையில் கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறிய வண்டி மாலையில் அதே வளைவுகளில் இறங்கியாக வேண்டும். அதுவும் ஆண்டின் பெரும்பகுதியில் ஈரம் காயாத வீதியில் இறங்கியாக வேண்டும். ஆகவே இறக்கமும் மழையும் இந்த வண்டியை என்ன செய்கின்றன, உரிமையாளர் தம் பணத்தையும் நேரத்தையும் எந்த இடத்தில் செலவிட வேண்டும் என்பதையே, தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் வேலை நிமித்தம் இதை அன்றாடம் ஓட்டுபவன் என்ற முறையில் இங்கு எழுதுகிறேன்.

என்ஜினைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். சிலிண்டரின் விட்டம் 78 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 86 மி.மீ.; இப்படி நீண்ட வீச்சுடைய ஒற்றைச் சிலிண்டர் என்ஜின், மெதுவாகச் சுழலும்போதே நன்றாக இழுக்கும். உச்ச வலு 6,500 சுழற்சியில் 24.5 குதிரைவலு மட்டுமே. ஆனால் 32 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை 4,000 முதல் 4,500 சுழற்சிக்குள் கிடைத்துவிடுகிறது. தலவாக்கலையைத் தாண்டி லிந்துலை, நானுஓயா வழியாக ஏறும்போது, முன்னால் போகும் இ.போ.ச. பஸ் வளைவில் நின்று நின்று திரும்பினாலும், கியரை ஓயாமல் மாற்றாமல் அதன் பின்னால் பொறுமையாகப் போக முடிவது இதனால்தான். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பழைய காபரேட்டர் வண்டிகள் அங்கே பெற்றோலைக் கூடுதலாகக் குடித்து பிளக்கைக் கரியாக்கும். மின்னணு எரிபொருள் செலுத்தி உள்ள ஹிமாலயனோ கலவையைத் தானே திருத்திக்கொள்கிறது. வலு சற்றுக் குறையுமே தவிர ஓட்டம் கெடுவதில்லை. நீண்ட தூரத்தில் நூறைத் தொட்டு ஓட்டுவோருக்கு இந்த என்ஜின் போதாது. ஆனால் நம் நாட்டில் நகர்ப்புறத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்கு உள்ள வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர், அதிவேக நெடுஞ்சாலைகளிலோ மோட்டார் சைக்கிளுக்கு இடமே இல்லை. எனவே அந்தக் குறையை இங்கே நான் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி இறக்கம். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளை நோக்கி இறங்கும் வீதி, பிரேக்கைச் சோதிப்பதற்கென்றே வெட்டப்பட்டதோ என்று எண்ண வைக்கும். முன்சக்கரத்தில் 300 மி.மீ. டிஸ்க், பின்சக்கரத்தில் 240 மி.மீ. டிஸ்க்; நிறுத்த வேண்டிய எடை, ஓட்டுநரையும் பொதியையும் சேர்க்காமலே 190 கிலோவுக்கு மேல். முன் பிரேக் விரல் பட்டதும் கவ்விப்பிடிக்கும் வகையல்ல, அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். இந்தத் தன்மையை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஈரமான தாரில் திடீரென்று கவ்வும் பிரேக்கைவிட இது பாதுகாப்பானது. ஆனால் இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே தொங்கிக்கொண்டு வந்தால், டிஸ்க்கைக் கவ்வும் பேட்கள் சூடேறிக் கருகிய வாடை வரும். இரண்டாம் கியரில் விட்டு, நீண்ட வீச்சுடைய அந்த என்ஜினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும்படி இறங்கினால், வளைவுக்கு முன் ஒரு முறை பிரேக்கைத் தொட்டாலே போதும். ஹட்டனில் எனக்கு வண்டி பார்க்கும் மூத்த மெக்கானிக், சேவைக்குப் போகும் ஒவ்வொருவரிடமும், “மீட்டரைப் பார்க்காதீங்க தம்பி, பேடைப் பாருங்க” என்பார். சமவெளிக்காரர்கள் சொல்லும் கிலோமீற்றர் கணக்கு மலையில் செல்லாது. பேட்களைப் போலவே பிரேக் எண்ணெயும் கவனிக்கப்பட வேண்டும். டொட் 4 எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துக் குமிழி விடும். நீண்ட இறக்கத்தின் நடுவில் லீவர் தொளதொளவென்று ஆவது அப்போதுதான். நிறம் கறுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும்.

2020இன் இறக்குமதித் தடைக்கு முன் வந்த, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில், பின்சக்கர ஏபிஎஸ்ஸை நிறுத்தும் பொத்தான் இல்லை. சரளைக்கல் கிடக்கும் தோட்டப் பாதையில் இறங்கும்போது அது பின் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். வண்டி நாம் நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நிற்கும். அங்கே வேகத்தை முன்கூட்டியே குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மழையின் கணக்கு இன்னும் நீளமானது. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவை நனைக்கிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மி.மீ.ஐத் தாண்டும். அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் புழுதி பறக்கும்; ஊவாவுக்கான மழை ஒக்டோபருக்குப் பிறகே வரும். இரண்டு பக்கமும் ஓடும் வண்டியின் செயின் காலையில் சேற்றையும் மாலையில் புழுதியையும் வாங்கிக்கொள்கிறது. சேறு காய்ந்த செயின்மேல் எண்ணெய் விட்டால் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து ஸ்புரொக்கெட்டின் பற்களை அரைத்துவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான தூரிகையால் கழுவித் துடைத்து, ஈரம் போன பிறகே எண்ணெய் விட வேண்டும். பெற்றோலால் கழுவினால் செயினிலுள்ள இறப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

செயின் கண்ணுக்குத் தெரியும், அதனால் பலரும் அதைக் கவனிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்களில்தான் மழை மெதுவாக வேலை செய்கிறது. ஒன்று ஸ்டியரிங் பெயரிங். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் நிலத்தைத் தொடாதபடி என்ஜினுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தி, ஹாண்டிலை இரு விரலால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நேராக நிற்கும் இடத்தில் ஏதோ பள்ளத்தில் விழுந்ததுபோல் ஒரு தடங்கல் தட்டுப்பட்டால் பெயரிங் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு முன் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். டொக் என்று ஓர் ஆட்டம் கையில் உணரப்பட்டால் அது தளர்ந்திருக்கிறது. குழி விழுந்த ஸ்டியரிங்குடன் ஈரமான வளைவில் இறங்குவது ஆபத்தானது, ஏனெனில் வண்டி நாம் கேட்ட கோட்டில் போகாமல் நேராகவே போகப் பார்க்கும். மாற்றும்போது குண்டு பெயரிங்குக்குப் பதில் உருளை பெயரிங் கிடைத்தால் அதையே போடுங்கள்.

மற்றது பின் ஷொக்கின் கீழே இருக்கும் இணைப்பு. பின்சக்கரம் வாரியிறைக்கும் சேறு முழுவதும் அங்கேதான் போய் அப்புகிறது. மழைக்காலம் தொடங்குமுன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை அதைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, தண்ணீர் தாங்கும் புதிய கிரீஸை அப்ப வேண்டும். இந்த வேலையை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துச் செய்விக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் போன ஒரு பணிமனை, கிரீஸ் போட்டதாகப் பற்றுச்சீட்டில் எழுதிப் பணம் வாங்கியிருந்தது. பிறகு வேறோரிடத்தில் கழற்றியபோது பழைய கறள் அப்படியே இருந்தது, ஒரு போல்ட்டைச் சுத்தியலால் அடித்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. உயர் அழுத்தத் தண்ணீரால் வண்டியைக் கழுவும் இடங்களிலும் இதே எச்சரிக்கை தேவை. அந்த நீர்த்தாரை சக்கர அச்சையும் இந்த இணைப்பையும் நேராகத் தாக்கினால், உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறித் தண்ணீர் அங்கே குடியேறும்.

இவற்றோடு ஒப்பிட்டால் என்ஜின் கேட்பது மிகக் குறைவு. 15டபிள்யூ-50 எண்ணெயை உரிய காலத்தில் மாற்றினால் போதும். சிலிண்டருக்கு இரண்டே வால்வுகள். அவற்றின் இடைவெளியைத் திருகாணியாலும் நட்டாலும் சரிசெய்துவிடலாம். என்ஜின் ஆறிய நிலையில், இடைவெளி அளக்கும் தகட்டைக் கையாளத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் இதைச் செய்வார், கொழும்புக்கு வண்டியை அனுப்ப வேண்டியதில்லை. அழுத்த விகிதம் 9.5 என்பதால் 92 ஒக்டேன் பெற்றோலே தாராளம். 95 ஊற்றுவதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

பெற்றோல் என்றதும் 2022 நினைவுக்கு வருகிறது. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் அட்டை முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். லீற்றருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் என்று வைத்தால் அது 120 கிலோமீற்றர். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு முறை போய்வந்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். 15 லீற்றர் கொள்ளும் தாங்கியின் அருமை, நிரப்ப முடிகின்ற நாட்களில்தான் தெரிகிறது. நல்லதண்ணிக்கும் அக்கரப்பத்தனைக்கும் அப்பால் போகும்போது எரிபொருள் நிலையத்தைத் தேடும் கவலை இல்லை.

கம்பிச் சக்கரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம், இரண்டிலும் டியூப். முன்சக்கரம் பெரிதாக இருப்பதால் கல் பெயர்ந்த தோட்டப் பாதையில் பள்ளங்களை விழுங்கிக்கொண்டு போகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகளுக்குப் பிறகு, பல வீதிகளில் கார்கள் திரும்பிப் போன இடங்களைக்கூட, 220 மி.மீ. தரை இடைவெளியும் இந்தச் சக்கரமும் சேர்ந்து கடக்க வைத்தன. ஆனால் ஆணி குத்தினால் டியூப்பைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும், சிறிய டவுன்களின் டயர் கடைகளில் 21 அங்குல டியூப் எளிதில் கிடைக்காது. ஆகவே முன்சக்கர டியூப் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்திலும் மடித்துப் போட்டுக் கடை வரை வந்துவிடலாம்.

எடை உண்மையான குறை. ஓடும்போது தெரியாது. லயத்துக்கு முன்னால் பாசி பிடித்த கொங்கிரீட் சரிவில் நிறுத்தித் திருப்பும்போது தெரியும். இருக்கை 800 மி.மீ. உயரமே என்பதால் கால் ஊன்றுகிறது, ஆனால் கீழே சாய்ந்துவிட்டால் தனியாளாகத் தூக்குவது சிரமம். தேயிலை மலைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைகளில்தான் தினமும் வேலை என்பவருக்கு, இன்னும் இங்கே ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஜப்பானிய 200 சி.சி. டிஜெபெல்லே பொருத்தம்; அது 50 கிலோவுக்கு மேல் இலகுவானது. புதிய ஹிமாலயன் 450 வலுவில் மிக முன்னால் நிற்கிறது: 452 சி.சி., 40 குதிரைவலு, ஆறு கியர். ஆனால் அது தண்ணீரால் குளிரூட்டப்படும் என்ஜின், அதன் வலு உயர்ந்த சுழற்சியிலேயே முழுமையாக வெளிப்படுகிறது. கராஜில் திருகாணியோடு உட்கார்ந்து சரிசெய்யும் எளிமையை எதிர்பார்ப்பவருக்கு 411தான் ஏற்றது என்பது என் தீர்மானமான கருத்து.

2020 மார்ச்சில் தொடங்கிய வாகன இறக்குமதித் தடை 2025 வரை நீடித்ததால், 411ஐ இங்கே பாவித்த நிலையில்தான் வாங்க வேண்டியிருக்கும், அதன் விலையும் தடைக்காலத்தின் சூட்டை இன்னும் முழுதாக இழக்கவில்லை. வாங்கப் போகும்போது என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டு மயங்காமல், மேலே சொன்னபடி முன்சக்கரத்தை உயர்த்தி ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். பின்சக்கரத்தைப் பிடித்து மேலே தூக்கி இணைப்பில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரக் கம்பிகளைத் திருகாணிமுனையால் ஒவ்வொன்றாகத் தட்டி, மந்தமாக ஒலிக்கும் தளர்ந்த கம்பிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள சேசி எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பவற்றோடு பொருந்த வேண்டும், வருமான அனுமதிப்பத்திரம் நடப்பாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். விற்பவர் சம்மதித்தால், விலை பேசுமுன் ஒரு நீண்ட இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்கி, கீழே வந்து நின்றதும் முன் பிரேக் லீவரை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மேலே இருந்தபோது இருந்த அதே இறுக்கம் அப்போதும் இருந்தால் விலை பேசத் தொடங்கலாம்.