நெட்வொர்க் கேபிளுக்குச் சுவர்மேல் கேசிங்கா, சுவருக்குள் பைப்பா?

மதுரை திருநகரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் கேட் 6 என்ற ரக நெட்வொர்க் கேபிள் போட்டாயிற்று. வைஃபை போதாதா என்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: கான்கிரீட் தளத்தைக் கடக்கும்போது வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை மிகவும் வலுவிழந்துவிடுகிறது. கேட் 6, அதற்கு முந்தைய ரகமான கேட் 5இ இரண்டுமே 100 மீட்டர் வரை 1 கிகாபிட் வேகம் தரும். உண்மையில் யோசிக்க வேண்டியது, கேபிள் போகும் பாதையைத்தான்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பூச்சுக்கு முன்பே தனிப் பைப் பதித்து, பிறகு கேபிளை இழுக்க உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைக்கட்டும். அழகிலும் பைப்தான் மேல். ஆனால் குடியிருக்கும் வீட்டில் சுவரைக் காடி வெட்டுவதைவிடச் சுவர்மேல் கேசிங், அதாவது மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டை, அடிப்பதே நல்லது என்பேன். காரணம் பராமரிப்பு.

கேட் 6 கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் முறுக்கப்பட்டிருக்கின்றன. 1 கிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஆகவே மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு நிற்பதில்லை, வேகம் மட்டும் சத்தமில்லாமல் பத்தில் ஒன்றாகிவிடும். பைப்பில் பல வளைவுகளைத் தாண்டிக் கேபிளை முரட்டுத்தனமாக இழுக்கும்போது இந்தச் சேதம் நேரலாம். எங்கே என்று பார்க்கவும் முடியாது. கேசிங்கில் மூடியைக் கழற்றினால் கேபிள் முழுவதும் கண்முன் இருக்கிறது. மேசை இடம் மாறினாலும் கொத்தனாரைத் தேட வேண்டியதில்லை. பைப் வேலையில் இன்னொரு ஆபத்து, ஏற்கெனவே கரண்ட் வயர் ஓடும் பைப்பிலேயே இதையும் நுழைத்துவிடலாம் என்ற யோசனை. அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

கேசிங்கிலும் கவனம் வேண்டும். பசை நாடாவை மட்டும் நம்பினால் மதுரை வெயிலில் சுவரிலிருந்து பெயர்ந்துவிடும், திருகாணி அவசியம். மூலைகளில் கேபிளை மடக்காமல், இரண்டரை சென்டிமீட்டர் ஆரமாவது விட்டு வளைக்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு மூடி ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். எங்கள் கேசிங் இன்னும் பெயின்ட்டைப் பார்க்கவில்லை.

டவுன்ஹால் ரோட்டில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், எளிதில் முறியும். மொட்டைமாடி வழியாகப் போகும் பகுதிக்கு மட்டும், வெயில் தாங்கும் உறை போட்ட வெளிப்புறக் கேபிளைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.