வகுப்பறையா, வட்டார வள மையமா?

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராகவும், ஒன்றியத்துப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் துணையும் தரும் வட்டார வள மையத்தில் ஐந்து ஆண்டுகள் ஆசிரியர் பயிற்றுநராகவும் இருந்துவிட்டு, கலந்தாய்வில் மறுபடியும் பள்ளியையே கேட்டு வாங்கியவன் நான். ஆகவே என் சாய்வை மறைக்கப்போவதில்லை.

சம்பளத்தைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் 2023-இல் இரு பணிகளுக்கும் ஒரே அறிவிக்கைதான் வெளியிட்டது; ஊதியமும் ஒன்றே. பயிற்றுநருக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுகள் இல்லை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டுக்காக விளக்கம் எழுதித் தரும் தொல்லையும் இல்லை. ஆனால் மே மாதத்திலும் எனக்கு அலுவலகம் இருந்தது.

என்னைத் திரும்ப அழைத்துவந்தது தொடர்ச்சி. பயிற்சிக் கூடத்தில் கற்றது வகுப்பறையில் நிலைக்க வேண்டுமானால், அங்கேயே உடனிருந்து துணைசெய்ய ஒருவர் தேவை என்று அமெரிக்காவின் புரூஸ் ஜாய்சும் பெவர்லி ஷவர்சும் 1980களின் தொடக்கத்திலேயே வலியுறுத்தினார்கள். பயிற்றுநர் பணியின் நியாயமே அதுதான். நடப்பிலோ, ஒரு பள்ளிக்குப் போய்விட்டு அதே ஆசிரியரிடம் திரும்பிச் செல்வதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும். இடையில் பள்ளி, மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் பதிவுகள், பாடநூல் கணக்கு, கூட்டங்கள். போனாலும் நம்மை ஆய்வுக்கு வந்த அதிகாரியாகத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை ஏழாம் வகுப்பில் பின் பெஞ்சில் அமர்ந்தேன். ஆசிரியை கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்து விழுந்தது. பக்கத்துப் பையனின் நோட்டைப் புரட்டினால், அந்தப் பாடம் இரண்டு வாரங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் என் காலத்தில் அப்படி நடத்திக் காட்டியவன்தான்.

இப்போது ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி 'ஷி கோஸ்' என்பதற்குப் பதிலாக 'ஷி கோ' என்றே எழுதுகிறாள். திங்களன்று திருத்தினேன்; செவ்வாயும் அதே தவறு. புதனன்று வேறு வழியில் சொல்லிப் பார்க்க எனக்கு இடம் இருக்கிறது. ஆலோசனை சொல்லிவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிப்பவருக்கு அந்தப் புதன்கிழமை வாய்ப்பதில்லை.

என் அனுபவம் ஒரே ஒன்றியத்தோடு முடிகிறது. பள்ளிகள் குறைவாகவும் நெருக்கமாகவும் உள்ள ஒன்றியங்களில் நிலைமை மேலாக இருக்கக்கூடும். தனியார் பள்ளிக் குழுமங்களில் இப்பணியைச் செய்வோர் ஒரே வளாகத்தில் இருப்பதால், அவர்களுக்கு நான் சொன்னது பொருந்தாமலும் போகலாம். ஆனால் தேர்வு எழுதி, ஒருநாளும் பாடம் நடத்தாமல், நேராகப் பயிற்றுநராகச் சேர நினைக்கும் இளைஞர்கள் முதலில் சில ஆண்டுகளாவது பள்ளியைத் தேர்ந்தெடுப்பது நல்லது; பின் பெஞ்சில் அமரும்போது எதைப் பார்ப்பது என்பது அப்போதுதான் பிடிபடும்.